பன்றிப் படை

“வெள்ளனே வந்து பாத்தா இப்படிக் கெடக்குங்க மேடம். ராத்திரி பன்னிக கூட்டமா எறங்கியிருக்கு,” என்றார் மூக்கையா.

பள்ளங்கிக்கு மேலே இருக்கும் கோட்டைமேட்டுப் பூங்காவுக்கு அவர்தான் காவலாளி. பாளையக்காரர் காலத்தில் குதிரைப்படையைத் தடுக்க எழுப்பிய மண்மதிலில், ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம். குதிரைப்படைக்கு அசையாத மதில் பன்றிப் படைக்குப் பணிந்துவிட்டது.

தொல்லியல் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த சத்தியபிரியா பெருமூச்சு விட்டாள். வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே மலையேறி வந்த அலுப்பு. நாலு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஆபீஸில் அவள் ஒருத்தி தலையில் கட்டியிருந்தார்கள்.

பள்ளத்தைச் சுற்றி ஈர மண்ணில் மூக்கையாவின் செருப்புத் தடமாகவே இருந்தது. பாவம், எத்தனை தடவை வந்து பார்த்து நொந்துபோனாரோ.

“சேதாரமே இல்லாத எடத்துக்கு வாட்ச்மேன் எதுக்கு, கேமரா போதுமேன்னு மேல இருந்து இன்னும் கேட்டுக்கிட்டேதாண்ணே இருக்காங்க,” என்றாள்.

“போன தடவையே சொன்னீங்களே மேடம். அதுலருந்து தூக்கமே இல்ல.” மூக்கையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். “இந்த மூட்டு வலியோட இனி எஸ்டேட்டு வேலைக்கும் போக முடியாது. வீட்டுல அவளும் படுக்கையில கெடக்கா. இந்தச் சோலியும் போச்சுன்னா என்ன செய்யன்னே தெரியலீங்க.”

சத்தியபிரியா பள்ளத்தைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தாள். போனிலேயே எழுதி, அவருக்கும் வாசித்துக் காட்டினாள்.

“காட்டுப்பன்றிகளால் மதிலுக்குச் சேதம். காவலாளி தொடர்வது மிக அவசியம்.”

மூக்கையாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பள்ளத்தில் சரிந்து கிடந்த ஒரு மண்கட்டியை எடுத்து, அது இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், களைத்த குரலில் சொன்னாள்.

“பழைய மண்ணு போனா திரும்ப வராதுண்ணே. அடுத்த தடவ, போன வருசம் ரிப்பேருக்கு நாம கொட்டுன மண்ணுல தோண்டுங்க.”