சிவலை கத்தியதற்குக் காரணம்

“கிடேரி சினைக்குக் கத்துது. டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம். பைக்கில வர்ற தம்பின்னா இப்பவே சினை ஊசி போட்டுடும்.”

வீட்டுக்காரி பூவாத்தா போனில் சொன்னது தொழுவத்தில் நின்ற கிடேரி சிவலையின் காதில் விழுந்தது.

“அக்கா, உண்ணி கடிச்சுதான் கத்தினேன். போன ஊசியிலேயே வயித்துல கன்னு தங்கிடுச்சே!” என்று பக்கத்துப் பசுவிடம் புலம்பியது.

“டாக்டர்னா சினையான்னு தொட்டுப் பார்ப்பார். இவன் பார்க்காமலே ஊசியை விடுவான். எனக்கு அப்படித்தான் கரு கலைஞ்சுது,” என்றது கிழப்பசு காரி.

பைக் சத்தம் கேட்டதும் சிவலை படுத்துக்கொண்டது. தம்பி வந்து வாலை முறுக்கினான். அது எழவில்லை.

“வாலையும் பைக் கைப்பிடின்னு நினைச்சுட்டான்,” என்று முணுமுணுத்தபடி காரியும் அதை ஒட்டிப் படுத்தது.

“ஐயோ, ரெண்டுக்கும் என்னாச்சு?” என்று பதறிய பூவாத்தா, தம்பியை ஒதுங்கச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.