ஒரு நொடி தாமதம்

மேஜை டிராயரில் ஒரு கேமரா குடியிருந்தது. சட்டைப்பையில் அடங்கிவிடும் மெல்லிய டிஜிட்டல் கேமரா. பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் படம் எடுக்கும். அதன் குறை அது ஒன்றுதான்.

"பார்க்க அழகு, அவசரத்துக்கு உதவாது" என்று வீட்டுக்கார அம்மாள் திலகவதி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். கேமராவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் அவள் கணவர் தவறிப்போனார். மாலை போட ஒரு படம் தேடி, இன்று அவள் கேமராவை வெளியே எடுத்தாள். மறுபடி டிராயருக்கு வந்ததும் அதன் தோல் உறை கேட்டது:

"இன்னிக்கும் திட்டு வாங்கினியா?"

"இல்லை. போன்ல இருக்கிற படத்திலெல்லாம் அவர் விறைப்பா நிக்கிறார். படம்னாலே மூச்சைப் பிடிச்சுக்குவாரே. நான் லேட்டு இல்லையா? எடுத்தாச்சுன்னு நினைச்சு அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கார். அது என்கிட்ட மட்டும்தான் இருந்தது."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"முந்தானையால என் லென்ஸைத் துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே இருந்தாங்க."