இருபத்துமூன்று கிலோ

"தொண்ணூத்தி நாலு. அசையாம நில்லு," என்றார் கணவர்.

பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எடை மெஷின் மேல் நின்றிருந்தாள் மனைவி. அவருக்கு முதுகுவலி, கனம் தூக்கக் கூடாது. பெட்டியை எடை பார்க்க வீட்டில் வேறு வழியில்லை.

"உன் வெயிட்டு எவ்வளவு? அதைக் கழிக்கணும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அறுபத்திரண்டு."

இந்த வருடம் ரவிக்கைகளின் பக்கத் தையலை இரண்டு முறை பிரித்துவிட்டிருந்தாள். அந்த விஷயம் அவளுக்கும் அவளுடைய தையல் மெஷினுக்கும்தான் தெரியும்.

"அப்போ பெட்டி முப்பத்திரண்டு!" ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தலையில் கைவைத்தார். "பிளேன்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து இருபத்துமூணுதான் விடுவான். ஒன்பது கிலோவை எடுத்தாகணும்."

மகன் வேலை பார்க்கும் கண்டம் இருவருக்குமே புதிது. பெட்டியில் பாதி அவருடைய பயம்தான்: நைலான் கயிறு, மூன்று டார்ச், கொசுவலை, இரும்புப் பூட்டுகள், ஒரு சுத்தியல்.

"காட்டுக்கா போறோம்?"

"தெரியாத இடம். அங்க என்ன கிடைக்குமோ, யாரு கண்டா?"

அவள் கேட்டது ஒன்றைத்தான். அந்தச் சின்னத் தையல் மெஷின். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், பாஷை புரியாத ஒரு தெருவைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் பகல்களை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. 'அதுக்கெல்லாம் ஏது இடம்?' என்று எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார்.

இப்போது அவளே தன் புடவைகள் இரண்டை எடுத்து வெளியே வைத்தாள். அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கயிறு போனது. சுத்தியல் போனது. பூட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின.

"எதுக்கும் நீ மட்டும் ஒரு தடவை ஏறிக் காட்டேன்."

"போதுங்க. பொம்பளைகிட்ட இதுக்கு மேல கேக்கக் கூடாது."

அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கடைசி டார்ச்சை ஒரு பிரியத்தோடு தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டாள். மறுபடி ஏறியபோது எண்பத்தைந்து காட்டியது.

"கரெக்டா இருபத்துமூணு!" என்று கைதட்டினார்.

விமான நிலையத்தில், கவுன்ட்டர் பெண் பெட்டியைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தாள். "பதினாறுதான் சார். இன்னும் ஏழு கிலோ வைக்கலாம்."

அவர் தராசின் எண்ணைக் குனிந்து பார்க்கும்போதே, வழியனுப்ப வந்திருந்த மனைவியின் தங்கை ஒரு பெரிய பையோடு முன்னால் வந்தாள். "அக்கா, நீ சொன்ன மாதிரியே ஏழு கிலோ மிச்சம் இருக்கு பாரு!"

பெட்டி திறந்தது. கயிறும் சுத்தியலும் விட்டுப்போன இடத்தில், துண்டு சுற்றிய தையல் மெஷின் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அது எப்படி?" அவர் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். "காலம் பூரா கழித்தல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் கணக்கு தப்பாகாதே!"

"உங்க கணக்குல தப்பே இல்லைங்க." ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள்:

"என் வெயிட்டு அறுபத்தொன்பது."