பந்தல் குப்பையில் முயல்குட்டிகள்

மண்வெட்டியை ஓங்கியபடி நின்ற செல்வமலரைக் கண்டதும் தவநேசன் தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம், எட்டிப் பிடிக்கும் தூரத்தில், இராசரத்தினம் குனிந்து கரட் விதை போட்டுக்கொண்டிருந்தார்.

"மலர், வேண்டாம். அதை இஞ்ச தாரும்."

"சத்தம் போடாதேங்கோ. இஞ்ச வந்து இதுக்குள்ள பாருங்கோ," என்றாள் அவள்.

மனைவி கோபத்தில் ஏதாவது செய்து தொலைக்கப் போகிறாள் என்ற பயம் போன ஆவணியிலிருந்தே அவருக்கு இருந்தது. லண்டனில் செவன் கிங்ஸ் ரயில் பாதையோரம் கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்று அவர்களுடையது. பக்கத்துத் துண்டுக்காரர் இராசரத்தினம். தோட்டச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். பூவும் பிஞ்சுமாக நின்ற செல்வமலரின் பாவற்காய்ப் பந்தலை நாடாவால் அளந்து, ஒரு சாண் உயரம் கூடிவிட்டது என்று சொல்லி, அன்றைக்கே வெட்டி இறக்க வைத்த புண்ணியவான்.

"காய் முத்தும் வரைக்குமாவது விடுங்கோ அண்ணை" என்று அவள் கெஞ்சினாள். "சட்டம் எண்டாச் சட்டம்தான் தங்கச்சி" என்றார் அவர். அடுத்த கிழமை நடந்த காய்கறிக் கண்காட்சியில் வழக்கம்போல அவருடைய கரட்டுக்குத்தான் முதல் பரிசு.

காரில் ஏறிய பிறகுதான் செல்வமலர் அழுதாள். "இந்தாளுக்கு நான் செய்யிறன் பாருங்கோ" என்று மட்டும் சொன்னாள். எதையாவது செய்து, இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த துண்டையும் இழந்துவிடுவாளோ என்று தவநேசன் தவித்தார்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குத் தோட்டமே வெறுத்துவிட்டது போலத்தான் இருந்தது. வெட்டிய பந்தலை வேலியோரம் குவித்துப் போட்டவள், குளிர்காலம் போன பிறகும் அதை அள்ள விடவில்லை. இந்த வருடம் துண்டு முழுக்க வெங்காயமும் உள்ளிப்பூண்டும்தான். வேறு ஒன்றும் வேண்டாமோ என்று கேட்டதற்கு, "இது காணும்" என்றுவிட்டாள்.

தவநேசன் குவியலருகே போய்க் குனிந்தார். காய்ந்த கொடிகளுக்குக் கீழே சின்னதாய் ஒரு குழி. அதற்குள் மெத்தென்ற மயிருக்கு நடுவே, கண் திறக்காத முயல்குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"கொத்துவமெண்டு ஓங்கினனான். உள்ளுக்க அசைஞ்சுது," என்றாள் செல்வமலர்.

பேச்சுக் குரல் கேட்டு இராசரத்தினம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். எதிர்த் துண்டுக்காரி றஜீனாவும் போனும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

"முயலோ? இதுகள் வளந்தா நாசம். இப்பவே அள்ளிக்கொண்டுபோய் எங்கயாவது..." என்று செயலாளர் தொடங்கினார்.

"தொடக் கூடாது அண்ணை. தாய் விட்டிட்டுப் போகேல்ல. பொழுதுபட்டாப் பிறகு வந்து பால் குடுத்திட்டுப் போயிடும். நாங்கள் முந்தியிருந்த மாதிரியே மூடிவிட்டாச் சரி." செல்வமலரின் குரலில் அப்படியொரு கனிவு. "பச்சை மண்ணுகள். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா இஞ்ச ஆரும் மீறாயினம்."

இதெல்லாம் இவள் எங்கே படித்தாள் என்று தவநேசன் வாயைப் பிளந்தார். றஜீனாவின் போன் இராசரத்தினத்தின் முகத்துக்கு நேரே திரும்பியது. சங்கத்து வாட்ஸப்பில் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற நினைப்பிலேயே மனிதர் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"இண்டையிலயிருந்து இந்தத் தோட்டத்தில ஆரும் முயலில கை வைக்கக் கூடாது," என்று போனைப் பார்த்து அறிவித்தார்.

"வலை கட்டினாலும் சிக்கிச் செத்துப்போடும் அண்ணை," என்று செல்வமலர் மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

"வலையும் கட்டக் கூடாது. மீறினா அவையின்ர துண்டு பறிபோகும்."

"உங்களுக்குமோ அண்ணை?"

"எனக்கும்தான். சட்டம் எண்டாச் சட்டம்."

றஜீனா அங்கேயே நின்று அதைக் குழுவில் போட்டுவிட்டாள். செல்வமலர் காய்ந்த கொடிகளைப் பக்குவமாக மூடிவிட்டு வந்து, தன் ஃபிளாஸ்கிலிருந்து இராசரத்தினத்துக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தாள். போன ஆவணிக்குப் பிறகு அவள் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். தவநேசனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

காரைக் கிளப்பும்போது அவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஒரு முயல்குட்டியைக் கண்டதும் உம்மட கோவமெல்லாம் பறந்திட்டுது. நல்ல மனம் உமக்கு."

செல்வமலர் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஆனா அந்தாள் பாவம். வேலிக்கு அங்கால முழுக்கக் கரட். முயலுகள் ஒண்டும் மிச்சம் வைக்காது," என்றார் அவர். "எங்களுக்குப் பயமில்லை. வெங்காயம், உள்ளியை அதுகள் தொடாது. இந்த முறை வேற ஒண்டும் போடாம விட்டது எங்கட நல்ல காலம்."

"என்ன நல்ல காலம்? தை மாசமே ஸ்னோவில, அந்தக் குவியலடியில முயல் புழுக்கையைக் கண்டனான்."