கழுவாத பேனல்

"ஏணி இருக்கு, நான் புடிச்சுக்கறேன். சும்மா ஏறி ஒரு தேய் தேச்சுட்டு இறங்குங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

"மன்னிச்சுக்கங்கம்மா, நாங்க மேல ஏறுறதில்ல. இவ்வளவு நீளக் கம்பு எதுக்கு? தரையில நின்னு கழுவத்தானே?"

சோலார் பேனல் கழுவுகிறவர் சொன்னதில் தப்பில்லை. அவர் பிடித்திருந்த கம்பு கூரைக்கு மேல் போயிருந்தது. அதற்குள் ஓடிய குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி, நுனியிலிருந்த பிரஷ்ஷில் கொட்டியது. மூன்று பேனல்கள் பளபளத்தன. மூலையிலிருந்த நாலாவது மட்டும் காக்கை எச்சத்தோடு முறைத்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் கரண்டு லைன் ஓடியது.

"சரி, ஏற வேணாம். கம்பை இப்படி ஒரு முழம் சாய்ச்சா எட்டாதா?"

"எட்டும்மா. கரண்டு லைனும் எட்டும். அப்புறம் பேனலை விட்டுட்டு என்னைத்தான் கழுவி எடுக்கணும்."

அம்மா சிரிக்கவில்லை. சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றவனைக் காட்டினார். கழுவுகிறவரின் மச்சான் அவன்.

"அவர் எதுக்கு? வந்ததுலேர்ந்து வானத்தையே பாத்துட்டு நிக்கறாரு?"

"என் கண்ணு பிரஷ் மேல இருக்கும்மா. கம்பு நுனி லைன் பக்கம் போகுதான்னு அவன் பாப்பான். அவன் நில்லுன்னா நான் நிப்பேன்."

"நல்லா இருக்கு, அண்ணாந்து பாக்கறதுக்கு ஒரு சம்பளம்!" என்று நொடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"இந்தம்மா தெரு பூரா நம்ம பேரை நாறடிக்கப் போவுது மாமா" என்றான் மச்சான், பார்வையை இறக்காமலே.

"அது கெடக்கட்டும். மில் கூரைப் பேனல் கழுவற வேலைக்கு மூணாவது ஆள் இல்லாம முழிக்கிறோம், அதுதான் கவலை. போன வாரம் பாத்த மனுஷன் நல்ல ஆளு. வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னாரு, ஆளையே காணோம். இன்னிக்குள்ள யாரும் வரலேன்னா அந்த வேலை கைவிட்டுப் போயிடும்."

அம்மா டீயோடு வந்தார். மச்சான் டீ என்றால் உயிரை விடுவான்.

"இந்தாங்க தம்பி, ஆறிடும்."

"அப்படி வைங்கக்கா. கம்பு மேல இருக்கு."

"ரெண்டு வாய் குடிக்கறதுக்குள்ள குடி முழுகிடுமா?"

மச்சானின் மூக்கு டீ பக்கம் போயிற்று, கண் போகவில்லை. டீயில் ஆடை படிந்தது. கழுவுகிறவர் கம்பை மெல்ல இறக்கித் தரையில் கிடத்திய பிறகுதான் அவன் டம்ளரைத் தொட்டான்.

"அப்ப என் நாலாவது பேனல்?" அம்மாவின் குரல் ஏறியது.

"கரண்டு ஆபீஸ்ல சொல்லி லைனை நிறுத்துங்கம்மா. அன்னிக்கே வந்து கழுவித் தரேன், காசு வேணாம். இப்ப நீங்க எவ்வளவு திட்டினாலும் முடியாது."

திட்டு வரவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."

பேனலைக் கழுவாததற்கு நன்றியா? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்னால வேலை பாத்த இடத்துல எங்க வீட்டுக்காரரை ஒரு கயிறு கூடக் குடுக்காம கூரையில ஏத்தி விட்டாங்க. கால் உடைஞ்சு மாசக்கணக்கா படுத்துக் கெடந்தாரு" என்ற அம்மா, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, வெளிய வாங்க!"

கதவுக்குப் பின்னாலிருந்து போன வாரம் பார்த்த அந்த மனுஷர் கூச்சத்தோடு எட்டிப் பார்த்தார்.

"வீட்ல கேட்டுட்டேங்க. சரின்னுட்டாங்க."