இரண்டு கட்டில்

“இதான் உன் ரூம்” என்று அத்தை கதவைத் தள்ளினார்.

அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

அத்தையின் மாமியார். வாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. வலது பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் நம் கூடவே வரும். அவர் இந்த வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். என் அறையில் இருப்பதுதான் தெரியாது.

சரியாகச் சொன்னால், அவருடைய அறையில்தான் நான் வந்து நின்றேன்.

“துணைக்குத் துணையாச்சு” என்று சொல்லிவிட்டு அத்தை டீ போடப் போனார்.

பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுவரோரம் டயப்பர் கட்டுகள், மடக்கிய சக்கர நாற்காலி. இருந்த ஒரே மேசையில் மாத்திரை டப்பாக்கள்.

எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. நான் ஆசைப்பட்டதில் ஹாஸ்டல் உண்டு. அதன் படத்தை போனில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேனோ! ஓர் அறைக்கு நான்கு பேர், நான்கு இரும்புக் கட்டில், நான்கு மேசை. பெரிய சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு விளக்கு இருந்தது, ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு சாவி இருந்தது. அந்தச் சாவி என் கையில் இருக்கும் என்பதே எனக்குப் போதும்.

அப்பா ஒரே போடாகப் போட்டார். நாலு பேர் கத்துகிற ரூமில் பொண்ணு எப்படிப் படிப்பாள்? இன்னொரு பல்கலைக்கழகம் அத்தை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். சொந்த அத்தை குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஹாஸ்டலில் விட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

அப்பாவுக்கு அத்தை வெறும் அக்கா இல்லை, சுப்ரீம் கோர்ட். அங்கே தீர்ப்பு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

அழுதேன். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். மூன்றாம் வேளை பசித்துவிட்டது.

என் திருப்திக்காக என்று சொல்லி, போன மாதம் அப்பா இங்கே வந்து இடத்தை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பினார். நல்ல காற்று, நல்ல வெளிச்சம் என்றார். எந்த ஹாஸ்டலிலும் இவ்வளவு பெரிய ஜன்னல் இருக்காது என்றார். ஜன்னலைப் பற்றிச் சொன்னது உண்மைதான். இரண்டாவது கட்டிலைப் பற்றித்தான் மூச்சு விடவில்லை.

பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அக்கா ஒரு துண்டோடு உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

“பெட்டிய கீழ வெச்சுட்டு இந்தப் பக்கம் வா. தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. இழுக்கக் கூடாது, உருட்டணும்.”

மரியாதைக்குக் கை கொடுத்தேன். பார்க்க ஒரு பிடி உடம்பு, புரட்டினால் அப்படிக் கனம். முதுகுக்குத் தலையணை செருகினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படித் திருப்பாவிட்டால் புண் வந்துவிடுமாம். எந்த மாத்திரை எப்போது, எதைப் பொடித்துக் கொடுக்க வேண்டும், புரையேறினால் என்ன செய்வது என்று அடுக்கிக்கொண்டே போனார். வாய் ஓயாத மனுஷி போலிருக்கிறது, பேச ஆள் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து நானும் தலையாட்டினேன். பகல் முழுக்க நர்ஸ் இருப்பாள், உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்றுதான் அத்தை போனில் சொல்லியிருந்தார்.

பிறகு அவர் ஆணியில் தொங்கிய தன் வெள்ளைக் கோட்டை எடுத்து மடித்தார். பையில் வைத்தார். சீப்பு, சார்ஜர், வீட்டுக்குள் போடும் செருப்பு, எல்லாம் உள்ளே போயின.

“லீவாக்கா?” என்றேன்.

“லீவா! நின்னுக்கச் சொல்லிட்டாங்க. இன்னையோட சரி. புது ஆள் வருதுன்னாங்க, அதான் நீ வந்துட்டியே.”

அவர் ஜிப்பை இழுத்தபடியே பேசினார்.

“போன மாசம் வந்தாரே, உங்க ஏஜென்சிக்காரர், விவரமான ஆளு. இந்தக் கட்டில்லயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டாரு. வீட்டுக்காரம்மா ஏழரைக்கு ஸ்கூல் ஆபீசுக்குப் போனா ஒண்ணரைக்கு வந்துடுவாங்க, அதுவரைக்கும் ஆள் இருந்தாப் போதும்னேன். ஒண்ணரைக்குக் கண்டிப்பா வந்துடுவாங்களான்னு ரெண்டு தடவ கேட்டாரு.”

நான் விண்ணப்பித்தது காலை வகுப்புக்கு. அப்பா இங்கே வந்துவிட்டுப் போன மறுநாள் அதை மதிய பேட்ச்சுக்கு மாற்றினார். இரண்டு மணிக்கு ஆரம்பம். காலையில் அரக்கப்பரக்க ஓட வேண்டாம், நிதானமாக எழுந்து போகலாம் என்றார். அத்தனை சண்டைக்கு நடுவிலும் என் தூக்கத்தைப் பற்றி யோசித்திருக்கிறாரே என்று உருகிப்போய் அவருக்கு நன்றி சொன்னேன்.

சமையலறையில் அத்தை டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

“எந்த ஏஜென்சிம்மா அது?” என்றார் நர்ஸ் அக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. “அவரு நம்பர் இருந்தாக் குடேன். நானும் வேற வேலை தேடணும்ல.”

“ஏஜென்சி இல்லக்கா” என்றேன். “அவரு எங்கப்பா.”