முன் சக்கரம்

உச்சி வெயிலில், கட்டுப்பாட்டு அறையின் சன்னலுக்கு வெளியே, இரட்டை எஞ்சின் வைத்த அந்தச் சின்ன விமானம் ஓடுபாதைக்கு மேலே மூன்றாம் முறையாகச் சுற்றி வருகிறது. ஆறு வருடம் பாடுபட்டு உருவாக்கிய முதல் விமானம். பின் சக்கரங்கள் இரண்டும் இறங்கிவிட்டன. முன் சக்கரம் மட்டும் உள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. விமானத்தை வடிவமைத்தவள் ரேடியோவின் முன் நிற்கிறாள். மேஜையில் விரித்த வரைபடத்தில் அவள் விரல் ஒரே கீலில் போய்ப் போய் நிற்கிறது. "அக்கா, சக்கரத்த இறக்குற கைப்பம்பும் அடிச்சுப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குது. வேற வழி ஏதாச்சும் இருக்கா?" என்கிறான் விமானி. அறையில் எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். "இல்லப்பா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டேன்." எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வருகிறது. "சரிக்கா, நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. மூக்க மெதுவா தரையில வைக்கிறேன்." ஆறுதல் சொல்ல வேண்டியவள் அவள்தான். விமானம் தாழ்கிறது. பின் சக்கரங்களில் மட்டும் வெகுதூரம் ஓடி, வேகம் குறையக் குறைய மூக்கு சாய்ந்து, தாரில் உரசித் தீப்பொறி சிந்துகிறது. எஞ்சின்களின் சுழலும் விசிறிகள் தரையில் அடிபட்டு மடங்குகின்றன. புகை விலகியதும் கதவு திறக்கிறது. விமானி தன் காலாலேயே இறங்கி நின்று, அவள் பக்கம் கையை ஆட்டுகிறான். பதிலுக்குக் கையைத் தூக்கப் பார்க்கிறாள். கை எழவில்லை.